அரை வினாடியின் வரலாறு: ஐஸ் ஹாக்கியில் திறமை என்கிற சமாச்சாரம்

1

2025 ஏப்ரல் 6ஆம் தேதி, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியின் மைதானத்தில், அலெக்ஸாந்தர் ஒவெச்கின் என்கிற ருஷ்யர் தன் 895ஆவது கோலைப் போட்டார். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் (இனி லீக் என்றே சொல்கிறேன்) அதுவரை முதலிடத்தில் இருந்தவர் கனடாவின் வெயின் கிரெட்ஸ்கி. 1999இல் 894 கோல்களோடு ஓய்வு பெற்றவர். 26 வருஷமாக யாரும் தொடாத எண். இதில் ஒரு விசித்திரம்: கிரெட்ஸ்கி மொத்தம் ஆடியது 1,487 ஆட்டங்கள், ஒவெச்கின் அவரைத் தாண்டியதும் தன் 1,487ஆவது ஆட்டத்தில்தான்.

ஆட்டக் கணக்கு ஒன்று, கோல் கணக்கும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் இந்த இரண்டு உடம்புகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கிரெட்ஸ்கி ஒல்லி. எட்மன்டன் அணியின் உடல்வலுச் சோதனைகளில் கடைசி வரிசைக்காரர் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பெரிய வேகக்காரரும் இல்லை, இடி மாதிரி அடிக்கிறவரும் இல்லை. ஒவெச்கினோ ஆறேகால் அடி உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. மோதினால் எதிராளி பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்வான். அப்படியானால் இருவருக்கும் பொதுவானது எது?

'பிறவி மேதை, கடவுள் கொடுத்த வரம்' என்று ஒரு கட்சி. 'உழைப்பு, உழைப்பு, உழைப்பு' என்று இன்னொரு கட்சி. எவ்வளவுதான் அடித்துக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமை: திறமை ஓர் ஆளுக்குள்ளே இருக்கிற சரக்கு, அவனுடைய தனிச்சொத்து. வரமாக வந்தால் பிதிரார்ஜிதம், உழைத்து வந்தால் சுயார்ஜிதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

திறமை என்ற சொல்லைக் கேட்டாலே காது கூர்மையாகிறவர்கள் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். யாருடைய திறமை, யார் அளந்தது, யாரை வெளியே நிறுத்திவைத்துவிட்டு அளந்தது என்று கேட்டுப் பழகியவர்கள். அந்தக் கேள்விகளை, நம்மில் பெரும்பாலோர் கால்வைத்தே இராத ஐஸ் தரைக்குக் கொண்டுபோவதுதான் என் உத்தேசம். திறமையே பொய், எல்லாம் முதலாளித்துவச் சதி என்று சொல்லி எளிதாகத் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கிரெட்ஸ்கியின் திறமை நிஜம். அது எதனால் ஆனது, யார் யாருடைய காலமும் உழைப்பும் அதற்குள் உறைந்து கிடக்கின்றன என்பதே கேள்வி.

2

முதலில் ஆட்டத்தின் கணக்கு. 200 அடி நீளம், 85 அடி அகலம் ஐஸ் தரை. பக்கத்துக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு கோல்கீப்பர். பந்து கிடையாது. 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வில்லை: 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், சுமார் 170 கிராம் எடை. அது துள்ளிவிடாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்துவிடுவார்கள். கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதை அடைத்துக்கொண்டு, காலில் மெத்தை கட்டிய ஒருவர் நிற்கிறார். கோலுக்குப் பின்னாலும் ஆட இடம் உண்டு.

40 அடி தூரத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், வில்லை கோலை அடைய சுமார் 0.3 வினாடி ஆகும். கண்ணில் பட்டதற்கு உடம்பு அசைய ஆரம்பிக்கவே ஏறத்தாழ 0.2 வினாடி வேண்டும். மிச்சமிருக்கிற துளி நேரத்தில் காலும் கையும் மட்டையும் போய்ச் சேரவேண்டும். ஆக, அடித்த பிறகு பார்த்துத் தடுப்பதென்பது பெரும்பாலும் ஆகிற காரியமில்லை. கீப்பர் முன்கூட்டியே வாசிக்கிறார்: தோள் எப்படித் திரும்புகிறது, எடை எந்தக் காலில், மட்டையின் அலகு எந்தக் கோணத்தில். கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் கீப்பர்களின் கண்ணோட்டத்தை அளந்து சொன்னதும் இதைத்தான். தடுத்துவிடுகிற கீப்பரின் பார்வை, அடி கிளம்பும் முன்பே மட்டையிலும் வில்லையிலும் நிலைகுத்திவிடுகிறது.

ஆகவே கோல் என்பது ஒருவர் எழுதுவதை இன்னொருவர் வாசிக்கிற சண்டை. பெரிய கோல்காரர்கள் எல்லாரும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக, அந்த வாசிப்பைக் கெடுப்பவர்கள். மாண்ட்ரியால் பையன் மைக் பாஸி 752 ஆட்டங்களில் 573 கோல்கள் போட்டார். முதல் ஒன்பது வருஷமும், வருஷத்துக்கு 50க்குக் குறையாமல். அவருடைய ரகசியம் வேகமான அடி என்பதைவிட, வில்லை மட்டைக்கு வந்ததும் கிளம்பிவிடுவது. வாசிப்பதற்கு வாக்கியமே கிடைக்காது. 1990-91இல் 86 கோல்கள் போட்ட பிரெட் ஹல்லின் வித்தை காணாமல்போவது. எல்லார் கண்ணும் வில்லையோடு போகும்போது ஆளில்லாத இடத்துக்கு நழுவி அங்கே காத்திருப்பார்.

கிரெட்ஸ்கி கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு அவருடைய 'ஆபீஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. கீப்பர் கழுத்தைத் திருப்பித்தான் அவரைப் பார்க்கவேண்டும். தடுப்பவர்கள் பின்னால் போய்ப் பிடித்தால் முன்னால் காலி. போகாவிட்டால் அவருக்கு வேண்டிய மட்டும் நேரம். 

ஒவெச்கின் விஷயம் வேறு. ஒளிவுமறைவே கிடையாது. இடதுபக்க வட்டத்தில் நிற்பார் என்று கீப்பருக்குத் தெரியும், தொலைக்காட்சி பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். வலதுகைக்காரர் இடதுபக்கம் நிற்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து வில்லை குறுக்கே வருகிறது. நிறுத்தாமல் அப்படியே அடிக்கிறார். குறுக்கே வந்த அந்த வில்லையோடு கீப்பரும் ஓடவேண்டும். ஓடுகிற உடம்பில் ஓட்டைகள் திறக்கின்றன. கோல் விழுவது அந்த ஓட்டையில். 895ஆவதும் இப்படி வந்ததுதான்; குறுக்கே தள்ளிக்கொடுத்தவர் டாம் வில்சன்.

இந்த நால்வரிடமும் பொதுவாக இருப்பதை நான் அரை வினாடி என்று குறித்துக்கொள்கிறேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே அடுத்தது தெரிந்திருப்பது. இன்னும் காலியாகாத இடம் காலியாகப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்திருப்பது. இனி கேட்கவேண்டியது: இந்த அரை வினாடி எங்கே தயாராகிறது?

3

கிரெட்ஸ்கியின் அரை வினாடியில் ஒரு பங்கு ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்ட் ஊரில், ஒரு வீட்டின் பின்முற்றத்தில் தயாரானது. அப்பா வால்ட்டர் பெல் கனடா தொலைபேசிக் கம்பெனியின் தொழிலாளி. குளிர்காலத்தில் முற்றத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்து மகனுக்கு ஐஸ் தரை போட்டுக்கொடுத்தார். கொட்டுகிற பனியில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்ளர் வேண்டுமென்று அம்மா கடைக்குப் போய் நிற்க, கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்கிற கதை. தகர டப்பாக்களை வைத்து அவற்றின் ஊடே வில்லையைக் கொண்டுபோகிற பயிற்சி. அதைவிட முக்கியமானது இன்னொன்று. தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும்போது பையன் ஒரு தாளில் மைதானத்தை வரைந்து, கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல், வில்லை போகிற வழியையெல்லாம் பென்சிலால் கோடிழுத்துக்கொண்டே போவான். கடைசியில் கோடுகள் அடர்ந்த இடம் தெரியும். வில்லை எங்கே அடிக்கடி வருகிறது என்பதற்கு ஒரு வரைபடம்.

இதைத்தான் பின்னால் வந்த நிருபர்கள் 'ஆறாவது அறிவு' என்று எழுதினார்கள். உள்ளுணர்வாம்! பல வருஷம் கோடிழுத்த பென்சிலை மறந்துவிட்டால் எல்லாம் உள்ளுணர்வுதான். கோலுக்குப் பின்னால் நிற்கிற அந்த 'ஆபீஸ்' கூட பாபி கிளார்க் என்ற மூத்த ஆட்டக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மார்செல் மோஸ் 1934இல் ஆற்றிய உரையில் நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாமே சமூகம் கற்றுக்கொடுத்த உடல் நுட்பங்கள் என்று வாதிட்டார். பியர் பூர்தியு அதை இன்னும் கொண்டுபோய், ஆட்ட உணர்வு என்ற கருத்தை முன்வைத்தார். கூட்டு வரலாறு உடம்புக்குள் இறங்கி, தான் வரலாறு என்பதையே மறந்துபோய், இயல்பு என்று நடமாடுவது. கிரெட்ஸ்கியின் பென்சிலைவிட இதற்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு உதாரணம் நாட்காட்டி. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்கிற கனேடிய உளவியலாளர் ஒரு வேடிக்கையைக் கவனித்து எழுதினார். உயர்நிலை ஹாக்கி அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் குவிந்திருக்கிறார்கள். வருஷக் கடைசியில் பிறந்தவர்கள் சொற்பம். ஜாதகப் பலன் ஏதுமில்லை. சிறுவர் அணிகளில் வயதைக் கணக்கிடுவது ஜனவரி 1ஐ வைத்து. ஒன்பது வயதில் பத்து மாத மூப்பு என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வித்தியாசம். பெரிய பையனைத் 'திறமைசாலி' என்று பொறுக்குகிறார்கள். பொறுக்கியவனுக்கு நல்ல பயிற்சியாளர், அதிக ஐஸ் நேரம். சில வருஷத்தில் அவன் நிஜமாகவே திறமைசாலி. 1971-72இல் பத்து வயதில் ஒரே பருவத்தில் 378 கோல்கள் போட்ட கிரெட்ஸ்கி பிறந்தது ஜனவரி 26. பாஸி ஜனவரி 22. ஆனால் ஒவெச்கின் செப்டம்பர், மரியோ லெமியூ அக்டோபர். நாட்காட்டி மட்டுமே மேதையை உண்டாக்கிவிடாது. எத்தனை பேருக்கு அந்தச் சந்தர்ப்பமே வராமல் அது பார்த்துக்கொள்கிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

இதற்கும் முந்திய தலைமுறைக்குப் பயிற்சிமுகாம் ஏது, நாட்காட்டி ஏது. கோர்டி ஹௌ 1928இல் சஸ்காச்சுவான் புல்வெளிப் பிரதேசத்தில் பிறந்தார். பொருளாதாரப் பெருமந்த காலம். அண்டையில் இருந்த ஒரு பெண், வீட்டில் பஞ்சம், ஒரு மூட்டைப் பழைய சாமான் விற்கிறார். அம்மா இரக்கப்பட்டு வாங்குகிறார். மூட்டைக்குள் ஒரு ஜோடி ஸ்கேட். ஆளுக்கொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டு கோர்டியும் சகோதரியும் சறுக்கினார்கள் என்று சொல்வார்கள். லீகில் 801 கோல்கள் போட்ட ஒருவருடைய கதை இன்னொரு குடும்பத்தின் பசியிலிருந்து தொடங்குகிறது.

4

ஹௌ வந்து சேர்ந்த டெட்ராய்ட் மோட்டார் கார் நகரம். அவரும் டெட் லிண்ட்சேயும் சிட் ஏபெலும் சேர்ந்த முன்வரிசைக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'புரொடக்‌ஷன் லைன்'. தொழிற்சாலையில் கார் நகர்ந்துபோகிற உற்பத்தி வரிசை. பெயர் வைத்தவர்கள் விளையாட்டாக வைத்தாலும் விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 1949-50இல் லீகின் புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று இடமும் இந்த மூவருக்கே. ஒருவன் மூலையில் மோதி வில்லையைப் பறிக்கிறான், ஒருவன் நகர்த்துகிறான், ஒருவன் முடிக்கிறான். முடித்தவன் பெயரில் கோல்.

உற்பத்தி வரிசை என்றால் முதலாளியும் உண்டு. 1957இல் லிண்ட்சே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முனைந்தார். மாண்ட்ரியாலின் டக் ஹார்வி கூட நின்றார். அந்தப் பருவத்தில் லிண்ட்சே தன் வாழ்நாளிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்திருந்தார். பலன்? அந்தக் கோடையிலேயே, லீகின் அடிமட்ட அணியாக இருந்த சிகாகோவுக்குத் தள்ளிவிடப்பட்டார். டெட்ராய்ட் ஆட்டக்காரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள், சங்கம் உடைந்தது. மறுபடி அமைய 1967 ஆயிற்று. ஹௌ பல வருஷம் முதலாளி சொன்ன சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஆடியவர். புதிதாக அணிக்கு வந்த ஒருவர் தன்னைவிடக் கூடுதலாக வாங்குகிறார் என்பது 1960களின் கடைசியில்தான் அவருக்குத் தெரியவந்தது. தன் உழைப்பின் விலை தெரியாமலே உலகின் முதல் கோல்காரராக இருந்திருக்கிறார் மனுஷன்.

கிரெட்ஸ்கியிடம் வருவோம். அவர் கோல்கள் 894. ஆனால் மற்றவர்கள் போட அவர் எடுத்துக்கொடுத்தவை 1,963. லீகின் வரலாற்றில் வேறு எவருடைய கோலையும் கொடுத்தலையும் கூட்டினாலும் இவருடைய கொடுத்தலை மட்டுமே எட்டாது. 1981 டிசம்பர் 30 அன்று, பருவத்தின் 39ஆவது ஆட்டத்திலேயே 50 கோல்களை எட்டினார். அந்தப் பருவத்தில் மொத்தம் 92. அந்த ஒல்லி உடம்பை எவனும் ஏன் சாய்க்கவில்லை? டேவ் செமன்கோ என்ற முரட்டு ஆள் அதே அணியில் இருந்தார். கிரெட்ஸ்கியைத் தொட்டால் செமன்கோவின் முஷ்டிக்குப் பதில் சொல்லவேண்டும். செமன்கோவின் முஷ்டி வாங்கிக்கொடுத்த இடைவெளியில்தான் கிரெட்ஸ்கியின் அறிவு வேலை செய்தது. மூளை ஒருவருக்கு, முஷ்டி இன்னொருவருக்கு என்கிற இந்தப் பங்கீடு நமக்குப் புதிதில்லை. புகழிலும் அதே பங்கீடுதான்.

அப்பேர்ப்பட்ட கிரெட்ஸ்கியையும் 1988 ஆகஸ்ட் 9 அன்று எட்மன்டன் முதலாளி பீட்டர் பாக்ளிங்டன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு விற்றார். சில ஆட்டக்காரர்கள், முதல்சுற்றுத் தேர்வு உரிமைகள், அதோடு 1.5 கோடி டாலர். அரசு தலையிடவேண்டும் என்று கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. திறமை தனிச்சொத்துதான், சந்தேகமில்லை. ஆனால் சொத்துக்காரர் வேறு ஆள்.

இதற்கு மாற்றாகச் சோவியத் வழியைச் சொல்பவர்கள் உண்டு. 1946இல்தான் சோவியத் நாட்டில் இந்த ஆட்டத்துக்கு முறையான போட்டியே தொடங்கியது. செயற்கை ஐஸ் கிடைப்பது அபூர்வம். அனதோலி தராசவ் என்கிற பயிற்சியாளர் தரையிலேயே பயிற்சி கொடுத்தார். பாலேயிலிருந்தும் ருஷ்யர்கள் முன்பே ஆடிவந்த 'பாண்டி' ஆட்டத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். அவர் கோட்பாட்டில் அடிப்பவனைவிடக் கொடுப்பவன் பெரியவன். ஐந்து பேரும் ஒரே அலகு. 1972 செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியாலில் கனடாவின் பெரிய தலைகளை 7-3 என்று சோவியத் அணி தோற்கடித்தபோது, தனிமனித மேதை என்ற கதையாடலுக்கு விழுந்த அடி சாதாரணமானதல்ல. அதற்குப் பதிலும் வந்தது. ஆறாவது ஆட்டத்தில், நாம் மேலே பார்த்த பாபி கிளார்க், வலேரி ஹர்லாமவின் கணுக்காலை மட்டையால் அடித்து உடைத்தார். தொடரைக் கனடா வென்றது.

சரி, கூட்டு ஆட்டம் ஆடியவர்கள் விடுதலையாக இருந்தார்களா? ராணுவ அணியின் ஆட்டக்காரர்கள் பட்டாளத்துக்காரர்கள். வருஷத்தின் பெரும்பகுதி குடும்பத்தைப் பிரிந்து முகாமில் அடைந்து கிடக்கவேண்டும். 1988இல் ஈகார் லரியோனவ் 'ஓகன்யோக்' இதழில் பயிற்சியாளர் திகனோவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் இதைப் போட்டு உடைத்தது. ஒருபக்கம் சந்தை, ஒருபக்கம் பாசறை. இரண்டுமே அந்த அரை வினாடியை வைத்து வேலை வாங்கியவைதான்.

5

திறமைக்கும் கோபத்துக்கும் உறவு உண்டா? மொரீஸ் ரிஷாரை வைத்து இதைக் கேட்கவேண்டும். மாண்ட்ரியாலின் ஃபிரெஞ்சு மொழி பேசும் தொழிலாளிக் குடும்பம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. இவரும் இயந்திரத் தொழிலாளி. 1944 டிசம்பர் 28 அன்று பகல் முழுக்க வீடு மாற்றி மேசை நாற்காலி தூக்கிவிட்டு, ராத்திரி ஆட்டத்துக்கு வந்து ஐந்து கோல்கள் போட்டு மூன்றுக்குக் கைகொடுத்தார். அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள். முதன்முதலாக அதைச் செய்தவர். போர்க்காலம், நல்ல ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் என்றார்கள். 1957இல் 500ஐத் தொட்ட முதல் ஆளும் அவரே. அதற்கு அந்தச் சமாதானம் செல்லவில்லை.

இடதுகைக்காரர் வலதுபக்கம் ஆடியதால் உள்பக்கம் வெட்டி கோலை நோக்கி வருவார். தோளில் ஒரு தடுப்பாளன் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவனையும் இழுத்துக்கொண்டு வந்து கோல் போடுவார். க்யூபெக்கில் அப்போது கம்பெனி முதலாளி, மேலாளர் மொழி ஆங்கிலம்; தொழிலாளி மொழி ஃபிரெஞ்சு. அவனையும் சுமந்துகொண்டு முன்னேறுகிற அந்த உடம்பை, மேலே அமர்ந்து பார்த்த ஜனங்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்று விளக்கவேண்டியதில்லை. 1954இல் தான் எழுதிவந்த பத்திரிகைப் பத்தியில் லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்ப்பெலைச் சர்வாதிகாரி என்று எழுதினார். மன்னிப்புக் கேட்டு, பத்தியையும் நிறுத்திக்கொள்ள வேண்டிவந்தது.

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த சண்டையில் எல்லைக்கோட்டு நடுவர் ஒருவரை அடித்துவிட்டார். மிச்சப் பருவத்துக்கும் இறுதிச் சுற்றுகளுக்கும் காம்ப்பெல் தடை போட்டார். 17ஆம் தேதி காம்ப்பெல் மைதானத்துக்கே வந்து உட்கார, தக்காளி பறந்தது, கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது. கூட்டம் செயின்ட் கேத்தரின் தெருவில் கடைகளை நொறுக்கியது. நான்கு நாள் கழித்து ஆந்த்ரே லொராந்தோ 'ல தெவ்வார்' நாளிதழில் இதை வெறும் விளையாட்டுக் கலவரமாகப் பார்க்க மறுத்து எழுதினார். 1960களில் க்யூபெக்கில் வந்த மாற்றங்களுக்கு முன்னோடி இது என்பது இன்று வழக்கமான வாசிப்பு. ஒரு கலவரத்தை ஒரு புரட்சிக்கு நேர்க்கோட்டில் முடிச்சுப்போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் ஒரு தடுப்பாளனின் எடை அரசியல் எடையாகவும் உணரப்பட்டது என்பதை மறுக்கமுடியாது. ரொலான் பார்த் உரை எழுத, நாவலாசிரியர் யூபேர் அக்கான் 1961இல் எடுத்த விளையாட்டு பற்றிய ஆவணப்படத்தில் ஐஸ் ஹாக்கியும் ஒன்று. ஒரு தேசம் தன் குளிர்காலத்தை எப்படி ஆட்டமாக மாற்றிக்கொள்கிறது என்று பார்த் பார்த்தார். எந்த தேசம், எந்த மொழியின் தேசம் என்பதுதான் ரிஷார் எழுப்பிய கேள்வி.

6

எண்களும் அப்பாவிகள் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஸ்டான் மிகிட்டாவின் மட்டை பயிற்சியில் விரிசல்விட்டு வளைந்தது. வளைந்த மட்டையில் வில்லை வேறுமாதிரி பறப்பதைக் கண்டு, அவரும் பாபி ஹல்லும் வேண்டுமென்றே வளைக்க ஆரம்பித்தார்கள். வளைவுக்கு வரம்பு கட்ட லீக் சட்டம் போடவேண்டி வந்தது. 1959 நவம்பர் 1 அன்று முகம் கிழிந்த ஜாக் பிளான்ட் முகமூடி இல்லாமல் திரும்பமாட்டேன் என்று சொன்ன பிறகே கீப்பர் முகமூடி வழக்கத்துக்கு வந்தது. 1981-82இல் ஓர் ஆட்டத்துக்கு இரு பக்கமும் சேர்த்துச் சராசரி எட்டு கோல்கள். 2003-04இல் ஐந்து சொச்சம். கீப்பர்கள் மண்டியிட்டுக் கீழ்ப்பகுதியை அடைக்கிற முறையைக் கற்றுக்கொண்டார்கள், மெத்தைகள் பெருத்தன, தடுப்பு இறுகியது. 2005இல் விதிகளைத் தளர்த்தினார்கள். ஒவெச்கின் நுழைந்தது அந்த வருஷம். 894க்கும் 895க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கோல் இல்லை. இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள்.

இது எண்ணப்பட்டவர்களின் கதை. எண்ணுக்குள்ளேயே வராதவர்கள்? 1895இல் ஹாலிஃபாக்ஸில் கறுப்பின பாப்டிஸ்ட் சபைத் தலைவர்கள் கறுப்பினத்தவருக்கென்று ஒரு ஹாக்கி லீக் தொடங்கினார்கள். லீக் என்று நாம் இதுவரை சொல்லிவந்தது தோன்றியதே 1917இல்தான். டொரோண்டோவில் ஜமைக்காப் பெற்றோருக்குப் பிறந்த ஹெர்ப் கார்னகி 1940களில் க்யூபெக் அணிகளில், தன் அண்ணனோடும் மேனி மெக்கின்டயரோடும் சேர்ந்து, மூவருமே கறுப்பர்களான முன்வரிசையில் ஆடினார். 1948இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை அழைத்தது. ஆனால் தாய் அணிக்கல்ல, கீழ்நிலை அணிக்கு, அவர் வாங்கிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. மறுத்துவிட்டார். பிற்பாடு லீகில் 507 கோல்கள் போட்ட ஜான் பெலிவோ அவரோடு ஒரே அணியில் ஆடியவர். கார்னகியின் லீக் கோல் எண்ணிக்கை: பூஜ்யம். 2012இல் இறந்தார், 2022இல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். லீகில் முதல் கறுப்பினத்தவராக வில்லி ஓரீ ஆடியது 1958 ஜனவரி 18. ஒரு கண்ணில் பார்வை போனதை யாருக்கும் சொல்லாமல் ஆடினார். 45 ஆட்டங்கள், 4 கோல்கள்.

க்ரீ பூர்வகுடியைச் சேர்ந்த ஃப்ரெட் சசகாமூஸைச் சின்ன வயதிலேயே குடும்பத்திடமிருந்து பிரித்து, டக் லேக் ஊரின் உறைவிடப் பள்ளிக்கு லாரியில் ஏற்றிப்போனார்கள். மொழியைப் பறித்த, அடித்து உதைத்த, பாலியல் வன்முறை நடந்த அதே இடத்தில்தான் ஹாக்கியும் கற்றுக்கொண்டார். 1953-54இல் சிகாகோவுக்காக 11 ஆட்டங்கள். கோல் இல்லை. அந்த அனுபவங்களைப் பிற்காலத்தில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் சாட்சியமாகச் சொன்னார். 2020 நவம்பரில் கொரோனாவில் இறந்தார். வால்ட்டர் போட்ட ஐஸும் உறைவிடப் பள்ளியின் ஐஸும் ஒரே நாட்டு ஐஸ்தான். இரண்டிலும் உடம்பு கற்றுக்கொள்ளும். என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

1955-56இல் ஒன்பது வயது ஏபி ஹாஃப்மன் டொரோண்டோவில் பையன்கள் அணியில் ஆடினாள். நன்றாகவே ஆடினாள், சிறந்தவர்கள் அணிக்குத் தேர்வானபோது பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள். பெண்! கோர்ட்டுக்குப் போயும் நியாயம் கிடைக்கவில்லை. சான்றிதழைப் பார்க்கிறவரை அவளுடைய திறமையில் ஒரு குறையும் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். 2010, 2014, 2018, 2022 என்று நான்கு ஒலிம்பிக் இறுதி ஆட்டங்களிலும் கோல் போட்ட மரி-ஃபிலிப் பூலானுக்கு, இன்றைய தொழில்முறைப் பெண்கள் லீக் கிடைத்தது 2024 ஜனவரியில். 'எல்லாக் காலத்துக்கும் பெரிய கோல்காரர்' என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் பெயர்களையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

7

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி வரும்: அப்படியானால் கிரெட்ஸ்கியும் ரிஷாரும் ஒன்றுமில்லையா? அப்படி இல்லீங்க. சி.எல்.ஆர். ஜேம்ஸ் மார்க்சியவாதி, கிரிக்கெட்டைப் பற்றி எழுதும்போது ஒரு மட்டையாளரின் கால்நகர்வை வியப்பதற்கு அவர் கூச்சப்பட்டதே இல்லை. வியப்பும் விமர்சனமும் ஒரே மனதில் இருக்கமுடியும் என்று அவர் எழுதிக் காட்டினார். பென்சிலால் கோடிழுத்த பிள்ளைகள் பலர் இருந்திருக்கலாம். கோலுக்குப் பின்னால் ஆபீஸ் போட்டது ஒருவர்தான். கூட்டு உழைப்பு ஓர் உடம்பில் வந்து சேரும்போது அந்த உடம்பு தன்னுடையதாக ஏதோ ஒன்றைச் சேர்க்கிறது. அந்தச் சேர்மானம் நிஜம். ஆனால் முதலையும் வட்டியையும் சேர்த்து ஒருவர் கணக்கிலேயே வரவு வைப்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

வரவு வைத்துவிட்டால் அப்புறம் அந்தக் கணக்கு வேறு காரியங்களுக்குப் பயன்படும். 2017இல் ஒவெச்கின் 'புதின் அணி' என்று ஒரு ஆதரவு இயக்கத்தைத் தொடங்கினார். கோல் எண்ணிக்கை ஆட்சியாளருக்கு அலங்காரமானது. தராசவின் கூட்டு ஆட்டம் தோன்றிய மண்ணிலிருந்து வந்த ஒருவர், தனிமனிதச் சாதனையின் உச்சியில் ஏறி, தனிமனிதத் தலைமைக்குக் கொடிபிடிக்கிறார். மேதை வழிபாடு தலைவர் வழிபாட்டுக்குப் பக்கத்து வீடு.

ஐஸும் பழையபடி இல்லை. கனடாவில் வீட்டு முற்றத்து ஐஸ் தரைகள் வருஷத்தில் எத்தனை நாள் நிற்கின்றன என்று ஜனங்களைக் கொண்டே கணக்கெடுக்கும் 'ரிங்க்வாட்ச்' முயற்சியை வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் 2013இல் தொடங்கினார்கள். குளிர் குறையக் குறைய, இனாமாகக் கிடைத்த ஐஸ் போய், மணிக்கணக்கில் வாடகை கட்டுகிற உள்ளரங்க ஐஸ்தான் மிஞ்சும். டெலிபோன் தொழிலாளியின் மகனும் ரயில்வேத் தொழிலாளியின் மகனும் அங்கே எத்தனை நேரம் நிற்கமுடியும்? நாளைக்கு ஒரு புதிய பெயர் 900ஐயோ 1,000ஐயோ தாண்டும்போது, அதைப் பிறவி மேதை என்று எழுத நிருபர்கள் தயாராக இருப்பார்கள். அப்போது நாம் கேட்கவேண்டியவை இவை: அந்த ஐஸை யார் உறையவைத்தது, வில்லையை யார் தள்ளிக்கொடுத்தது, அடியை யார் வாங்கிக்கொண்டது, வாசலில் யாரை நிறுத்திவைத்தார்கள். இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு அந்த ஆளைத் தாராளமாகப் புகழலாம். நானும் சேர்ந்து கைதட்டுவேன்.